அறுபத்து மூன்றாம் படி

திரும்பிப் பார்த்தேன்,
எவனோ கல்லெறிந்தான் என்று.
கெண்டைக்காலின் நட்ட நடுவில்,
அவ்வளவு குறி பார்த்து.

யாருமில்லை.
ஓட்டுப்பட்டறையின் நூற்றுப் பன்னிரண்டு படிகளில்
கீழே ஒரு நாய்,
மேலே மூடுபனி,
தோளில் முப்பது கிலோ சிலிண்டர்.
'டப்' என்ற சத்தம்
காதுக்கு வெளியே கேட்டதா, காலுக்குள்ளேயா,
இன்றுவரை தெரியவில்லை.

சிலிண்டரை உருளவிடவில்லை.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
சுவரில் சாய்த்து, வால்வு மூடியைத் தொட்டுப் பார்த்து,
பிறகுதான் உட்கார்ந்தேன்.
அறுபத்து மூன்றாம் படி.

வீட்டில் தெருவே வைத்தியர்.
நீலகிரித் தைலம் காய்ச்சுகிற மலையில்
தேய்க்காதே என்று யார் சொல்வார்?
மச்சான் குப்பியோடு வந்தான்.
கீழ்வீட்டு அந்தோணி இரண்டு கட்டைவிரல்களோடு வந்தார்.
அழுத்தினார்.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதியை
அன்றைக்கே செலவழித்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ ஜெசிந்தா
தொடுமுன் வெகுநேரம் பார்த்தார்.
"கல்லெறிந்த ஆளைத் தேடினீங்களா?"
எப்படித் தெரியும்?
"எல்லாரும் தேடுவாங்க."
கிழிந்திருக்கிறது, முழுசாய் அறுந்துவிடவில்லை என்றார்.
இப்போதைக்குத் தைலம் வேண்டாம், சூடு வேண்டாம்,
அந்தோணியும் வேண்டாம்.
துணியில் சுற்றிய ஐஸ்; தலையணைமேல் கால்.
ஐஸா? குன்னூரில், மார்கழியில்?
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் கணுக்காலில் நீலம்.
கிழிந்தது மேலே, கறுத்தது கீழே.
பயந்துபோய் போன் செய்தேன்.
"மேட்டில் பெய்தால் எங்கே தேங்கும்?"
அவ்வளவுதான் பதில்.

என் லைனை போஜன் பார்த்துக்கொண்டான்.
படிக்கல்லில் இரும்பு வளையம் இடிக்கும் சத்தம்
ஜன்னல் வழியே வரும்.
என் படி, என் வீடுகள், என் பத்து ரூபாய் இருபது ரூபாய்.
அதைக் கேட்பதற்கென்றே உள்ளே ஒரு தசை இருந்திருக்கிறது.
அது தினமும் சுளுக்கிக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் வலி இல்லை.
வலி போனால் புண் ஆறியது என்று
எந்த மடையன் சொன்னான்?
நான்தான்.
ஒரு காலி சிலிண்டர், எட்டே படி.
அதே இடத்தில், சின்னதாய், சுருக்.

ஜெசிந்தா திட்டவில்லை.
சீட்டிலிருந்த தேதியை அடித்துவிட்டு
வேறொன்று எழுதினார்.
திட்டியிருக்கலாம்.
"புதுசா முளைச்ச நார் திசை தெரியாம கிடக்கு.
மெல்ல வேலை கொடுத்தாத்தான்
எந்தப் பக்கம் ஓடணும்னு கத்துக்கும்."

அப்புறம் தினமும் வாசல்படியில் நின்றேன்.
விளிம்பில் முன்பாதம், குதிகால் வெளியே, கை கதவில்.
இரண்டு காலால் எழு.
ஒரு காலால் இறங்கு, ஐந்து வரை எண்ணி.
எழுவது ஒன்றுமில்லை.
இறங்குவதுதான் மருந்து.
மூன்று எண்ணுவதற்குள் தொடை நடுங்கும்,
பக்கத்து வீட்டுப் பிள்ளை கூடவே எண்ணித் தப்பாக எண்ணும்.

ஒரு மாலை, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே,
மேட்டுப்பாளையம் இறங்கும் ரயிலின் கூவல்.
தண்டவாள நடுவில் பல்லைப் பல்லாகக் கடித்து,
விடமாட்டேன் விடமாட்டேன் என்றபடியே
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொடுத்து இறங்குகிறது.
இருபது வருடமாய் எனக்குத் தெரிந்த வண்டி.
ஏறத்தான் அந்தப் பல் என்று நினைத்திருந்தேன்.

ஏழாவது வாரம் முதல் சிலிண்டர்.
பின்னால் போஜன், வெறுங்கையோடு,
துணைக்கு வந்ததாய்க் காட்டிக்கொள்ளாமல்
பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு.
அறுபத்து மூன்றில் நின்றேன்.
வலி இல்லை. சும்மா.

மேலே கதவு திறந்தது. லாசரஸ் டீச்சர்.
"புக் பண்ணி நாலு நாளாச்சு,
நடுப்படியில நின்னு என்னப்பா வேடிக்கை?"

பதில் இருந்தது. நீளமான பதில்.
"ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்க டீச்சர்" என்றேன்.
இன்னும் நாற்பத்தொன்பது படி.